மெய்நிகர் உதவியாளர் வைத்துக்கொள்ளலாமா? சிறுதொழில் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஒரு சிறிய அச்சகம் நடத்துகிறேன். விசிட்டிங் கார்டு, லேபிள், அட்டைப்பெட்டி என்று கலந்துகட்டி வேலை வரும். எங்கள் அலுவலக வேலையில் பாதியை, நான் இதுவரை நேரில் பார்த்திராத ஒருவர் நான்கு ஆண்டுகளாகச் செய்துவருகிறார். இதைக் கேள்விப்படும் சக தொழில்காரர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மெய்நிகர் உதவியாளர் என்றால் யார்? சிரி, அலெக்சா மாதிரி மென்பொருளா?

பெயரால் வந்த குழப்பம் இது. ஆப்பிள் 2011-இல் கொண்டுவந்த சிரிக்கும், அமேசான் 2014-இல் கொண்டுவந்த அலெக்சாவுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான் வழங்குகிறது. நான் சொல்வது ரத்தமும் சதையுமான மனிதரை. அவர் தன் வீட்டிலிருந்தோ தன் அலுவலகத்திலிருந்தோ, தன் கணினியில், உங்கள் தொழிலின் அலுவல் வேலைகளைச் செய்துதருவார். மின்னஞ்சல், விலைக் கொட்டேஷன், பில் போடுவது, பாக்கியை நினைவூட்டுவது, சந்திப்பு நேரம் குறிப்பது, சமூக ஊடகப் பதிவுகள் எல்லாம் இதில் அடக்கம். பெரும்பாலும் அவர் உங்கள் ஊழியர் இல்லை. உங்களைப் போலவே அவரும் ஒரு சிறுதொழில் நடத்துபவர். நீங்கள் அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவர். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பின்னால் வரும் பாதிச் சிக்கல் வராது.

இதனால் சிறுதொழிலுக்கு உண்மையில் என்ன லாபம்?

நேரம் மிச்சமாகும் என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. சிறுதொழிலில் முதலாளியின் பொழுது மணிக்கணக்கில் தொலைவதில்லை. ஐந்தைந்து நிமிடமாகத் தொலைகிறது. இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நிறம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். “லேபிள் அடிக்க என்ன ஆகும்?” என்று கைபேசியில் ஒரு செய்தி வரும். பதில் எழுத இரண்டு நிமிடம்தான். திரும்பி வந்து தாளைப் பார்த்தால் எந்த நிறத்தைக் குறைத்தேன், எதைக் கூட்டினேன் என்பதே மறந்திருக்கும். உதவியாளர் வந்தபின் எனக்குத் திரும்பக் கிடைத்தது அந்த இரண்டு நிமிடம் இல்லை, அறுபடாத கவனம்.

அடுத்தது வேகம். விலை கேட்டு எழுதுபவர் நமக்கு மட்டும் எழுதுவதில்லை. நான்கு இடங்களுக்கு எழுதுவார். முதலில் பதில் போட்டவரோடு பேச்சு தொடங்கிவிடும். இரவு பத்து மணிக்கு நான் உட்கார்ந்து பதில் எழுதிய காலத்தில், “வேறு இடத்தில் கொடுத்துவிட்டோம், நன்றி” என்ற வரியை எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

மூன்றாவது, வரவேண்டிய பணம். இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. பழகிய வாடிக்கையாளரிடம் பாக்கியைக் கேட்க நமக்குக் கூச்சம். இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று மூன்று மாதம் ஓடிவிடும். உதவியாளருக்கு அந்தக் கூச்சம் இல்லை. தவணைத் தேதிக்கு மூன்று நாள் முன்பு ஒரு நினைவூட்டல், தேதியன்று ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று என்று மரியாதையான மூன்று கடிதங்கள் தவறாமல் போகும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சொல்லப்போனால், “மறந்தே போய்விட்டது, நல்லவேளை எழுதினீர்கள்” என்றுதான் பதில் வருகிறது.

கடைசி லாபம் கண்ணுக்குத் தெரியாதது, என் பார்வையில் அதுதான் பெரியது. ஒரு வேலையை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டுமானால் அதை எழுதிவைத்தாக வேண்டும். அப்போதுதான் நம் தொழில் எவ்வளவு தூரம் நம் தலைக்குள் மட்டுமே இருந்தது என்பது தெரியவரும். எந்த வாடிக்கையாளருக்கு என்ன தள்ளுபடி, யார் பில்லை எந்தப் பெயரில் போட வேண்டும், எந்தத் தாளை யாரிடம் வாங்க வேண்டும் என்பவை எல்லாம் எனக்கு மட்டும் தெரிந்த ரகசியங்களாக இருந்தன. நான் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அச்சகமும் படுத்துவிடும். இப்போது அப்படி இல்லை.

எனக்கு உதவியாளர் தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு வாரம் ஒரு நோட்டில் அரை மணிக்கொரு முறை என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் ஆள் தேடப் போகாதீர்கள். நான் எழுதிப் பார்த்தபோது வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் கொட்டேஷனிலும் பாக்கி கேட்பதிலும் போயிருந்தது. எழுதும் முன் என்னைக் கேட்டிருந்தால் மூன்று மணி நேரம் என்று சத்தியம் செய்திருப்பேன்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: இதை நான்தான் செய்ய வேண்டுமா, சொல்லிக் கொடுத்தால் வேறொருவர் செய்வாரா, அல்லது யாருமே செய்ய வேண்டியதில்லையா? மூன்றாவது வகையும் கணிசமாக இருக்கும். யாருமே படிக்காத ஒரு வாராந்திர அறிக்கையை இரண்டு வருடமாகத் தயாரித்துக்கொண்டிருந்த மனிதன் நான். அப்படிப்பட்டதை ஒப்படைக்காதீர்கள், நிறுத்திவிடுங்கள். இரண்டாவது வகை வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக வந்தால் இப்போதைக்கு ஆள் வேண்டாம்.

எந்த வேலைகளைக் கொடுக்கலாம்?

திரும்பத் திரும்ப வருவது, ஒரே மாதிரி நடப்பது, தவறினால் திருத்திக்கொள்ள முடிவது: இந்த மூன்றும் பொருந்தினால் கொடுக்கலாம். மின்னஞ்சலைப் பிரித்து அடுக்குவது, சந்திப்பு நேரம் குறிப்பது, ரசீதுகளைக் கணக்கு மென்பொருளில் ஏற்றுவது, இணையக் கடையில் பொருள்களின் படமும் விவரமும் பதிவது, பொருள் போய்ச் சேர்ந்ததா என்று விசாரிப்பது போன்றவை பெரும்பாலான தொழில்களுக்குப் பொருந்தும்.

கணக்கு எழுதுவது, விளம்பரம் நடத்துவது, இணையதளத்தைப் பராமரிப்பது ஆகியவற்றுக்கு அந்தந்தத் துறையில் பழகிய உதவியாளர்கள் தனியாக இருக்கிறார்கள். பொது உதவியாளரைவிட அவர்களின் கட்டணம் கூடுதலாகவே இருக்கும். எல்லாவற்றையும் ஒருவரே செய்துதர வேண்டும் என்று எதிர்பார்த்தால் எதுவும் உருப்படியாக நடக்காது.

எதைக் கொடுக்கவே கூடாது?

பணத்தை வெளியே அனுப்பும் அதிகாரம். கோபமாக இருக்கும் வாடிக்கையாளரைச் சமாதானம் செய்வது. விலையைத் தீர்மானிப்பது.

கட்டுப்படியாகுமா? கணக்கை எப்படிப் போடுவது?

முதலில் உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பு தெரிய வேண்டும். மாத லாபத்தை, அந்த மாதம் நீங்கள் உழைத்த மொத்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை செய்த வேலையையும் சேர்த்தால்தான் கணக்கு நேர்மையாக வரும். வரும் தொகை பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும், இருக்கட்டும். உதவியாளரின் மணிக் கட்டணம் அதைவிடக் குறைவாக இருந்தால் யோசிக்கலாம்.

ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. வாரத்துக்குப் பத்து மணி நேர வேலையை ஒப்படைத்தால் பத்து மணி நேரமும் மிச்சமாகிவிடாது. முதல் மாதம் சொல்லிக்கொடுப்பதிலும் சரிபார்ப்பதிலும் வாரத்துக்கு ஐந்து மணி நேரமாவது போகும். எனக்கு ஏழு போயிற்று. மூன்றாம் மாதத்துக்குள் அது வாரத்துக்கு ஒரு மணி நேரமாகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் ஏதோ சரியில்லை என்று பொருள். ஆகவே குறைந்தது மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

இரண்டாவது ஓட்டை நம்மிடமே இருக்கிறது. மிச்சமான நேரத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்? புதிய வாடிக்கையாளரைப் போய்ப் பார்த்தால் அது வருமானம். வீட்டுக்குச் சீக்கிரம் போனாலும் நல்லதுதான், அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. உதவியாளர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் இரட்டைச் செலவு.

நிரந்தர ஊழியரோடு ஒப்பிடும்போது மேசை, கணினி, மின்சாரம் போன்றவை பெரும்பாலும் உங்கள் செலவில் வராது. வேலை குறைந்த மாதத்தில் மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அதே காரணத்தால்தான் வெளி உதவியாளரின் மணிக் கட்டணம் ஊழியரின் சம்பளக் கணக்கைவிடக் கூடுதலாகத் தெரியும். அவருடைய விடுமுறை, காப்பீடு, கணினி எல்லாம் அதற்குள்தான் அடங்கியிருக்கின்றன. அதைப் பேரம் பேசி அடிமாட்டு விலைக்கு இறக்கினால் ஆறு மாதத்தில் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். நீங்கள் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

மணிக்கணக்கா, மாதத் தொகையா?

முதல் இரண்டு மாதம் மணிக்கணக்கு. வேலை இவ்வளவுதான் என்று இரு தரப்புக்கும் தெரிந்தபின் மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று தொகை பேசிக்கொள்வது இருவருக்கும் நிம்மதி. எஞ்சிய மணி நேரம் அடுத்த மாதத்துக்குப் போகுமா, காலாவதியாகுமா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் மனக்கசப்பு இதில்தான் தொடங்கும்.

எங்கே தேடுவது?

மூன்று வழி. முதலாவது, தனியாக வேலை எடுத்துச் செய்பவர்களைத் தேடிப் பிடிக்கும் ஃப்ரீலான்ஸ் இணையதளங்கள். எலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு பழைய தளங்கள் ஒன்றிணைந்து 2015-இல் அப்வொர்க் என்று பெயர் மாறின. 2010-இல் தொடங்கிய ஃபைவர் இன்னொன்று. ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள், முந்தைய வாடிக்கையாளர்களின் மதிப்பீடும் கிடைக்கும். தளம் தன் பங்குக்குக் கட்டணம் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, உதவியாளர்களை வைத்து நடத்தும் நிறுவனங்கள். கட்டணம் கூடுதல்; ஆனால் ஒருவர் விடுப்பில் போனால் இன்னொருவரைத் தருவார்கள். மூன்றாவது, ஏற்கெனவே உதவியாளர் வைத்திருக்கும் ஒரு நண்பரைக் கேட்பது. என்னுடையவர் அப்படித்தான் வந்தார். நல்ல உதவியாளருக்கு இன்னொரு நல்ல உதவியாளரைத் தெரிந்திருக்கும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்ப்பது?

நேர்காணலில் எல்லோரும் நன்றாகப் பேசுவார்கள். அதனால் ஒரு சின்ன வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கூலி கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், இலவசமாக வேண்டாம். இரண்டு மூன்று மணி நேர வேலை போதும். வேண்டுமென்றே அதில் ஒரு விவரத்தைக் குழப்பமாக விட்டுவையுங்கள். நான் பத்து பழைய கடிதங்களைக் கொடுத்து (பெயர், தொலைபேசி எண்களை அழித்துவிட்டு) அவற்றை ஒரு பட்டியலாக்கச் சொன்னேன். ஒரு கடிதத்தில் எண்ணிக்கை 500 என்று மேலேயும் 5,000 என்று கீழேயும் இருந்தது. மூன்று பேரில் ஒருவர் 500 என்று எழுதினார், ஒருவர் 5,000 என்று எழுதினார். மூன்றாமவர், “இதில் எது சரி என்று தெரியவில்லை, கேட்டுச் சொல்லுங்கள்” என்று எழுதினார். அவர்தான் இன்றுவரை இருக்கிறார்.

வேலையை எப்படிச் சொல்லித் தருவது?

முதலாளிகள் வழுக்கி விழும் இடம் இதுதான். உதவியாளர் சரியில்லை என்று சொல்பவர்களிடம், “என்ன சொல்லிக் கொடுத்தீர்கள், காட்டுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் காட்ட எதுவும் இருக்காது.

நான் கொடுத்த முதல் குறிப்பு ஒரே வரி: “விலை கேட்டு வருபவர்களுக்குப் பதில் அனுப்பவும்.” அவரும் அனுப்பினார். “தொடர்புகொண்டதற்கு நன்றி, விரைவில் விலை தெரிவிக்கிறோம்.” சொன்னதைத்தான் செய்தார், குறை சொல்ல முடியுமா? இரண்டாவது முறை உட்கார்ந்து இப்படி எழுதினேன்:

“காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் ‘விசாரணை’ என்ற பகுதியைத் திறக்கவும். ஒவ்வொரு கடிதத்திலும் ஆறு விவரங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கவும்: அளவு, எண்ணிக்கை, தாளின் கனம், எத்தனை நிறம், லேமினேஷன் உண்டா, எந்தத் தேதிக்குள் வேண்டும். எது இல்லையோ அதை மட்டும் கேட்டு எழுதவும். விசிட்டிங் கார்டுக்குத் தாளின் கனம் தெரியாது என்றால் 300 ஜிஎஸ்எம் என்று வைத்துக்கொள்ளவும். ஆறும் இருந்தால் விலைப் பட்டியலைப் பார்த்துக் கொட்டேஷன் தயாரித்து வரைவாக வைக்கவும், அனுப்ப வேண்டாம். எண்ணிக்கை 5,000-க்கு மேல் போனாலோ பட்டியலில் இல்லாத வேலையாக இருந்தாலோ தொட வேண்டாம், எனக்கு அனுப்பவும்.”

எப்போது செய்ய வேண்டும், முடிந்தது என்பதற்கு அடையாளம் என்ன, எந்த இடத்தில் நின்று என்னைக் கேட்க வேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் எழுத மறக்கிறார்கள். அது இல்லாவிட்டால் உதவியாளர் ஒன்று எல்லாவற்றுக்கும் கேட்பார், அல்லது எதற்குமே கேட்க மாட்டார். இரண்டாவது மாதம் “அனுப்ப வேண்டாம்” என்ற வரியை நான் எடுத்துவிட்டேன். அன்றைக்குத்தான் உண்மையில் வேலை என் கையை விட்டுப் போனது.

எழுதச் சோம்பலாக இருந்தால், லூம் போன்ற செயலியில் நீங்கள் செய்வதைத் திரையோடு பதிவு செய்து, பேசிக்கொண்டே செய்து காட்டுங்கள். அதைப் பார்த்து உதவியாளரே குறிப்பை எழுதட்டும். அவர் எழுதியதைப் படித்தால் எங்கே தவறாகப் புரிந்திருக்கிறார் என்பது உடனே தெரிந்துவிடும்.

பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா?

பாஸ்வேர்டைக் கொடுக்காமலே பெரும்பாலான வேலையை நடத்தலாம்.

ஜிமெயிலில் உங்கள் அஞ்சல்பெட்டியை இன்னொருவருக்குப் பிரதிநிதியாக ஒப்படைக்கும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. அவர் தன் சொந்தக் கணக்கிலிருந்தே உங்கள் கடிதங்களைப் படிக்கலாம், பதில் போடலாம், நீக்கவும் செய்யலாம். பாஸ்வேர்டை மாற்ற முடியாது. வேண்டாம் என்றால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஃபேஸ்புக் பக்கத்துக்கும் அப்படியே, அவரவர் கணக்கிலிருந்து நிர்வகிக்க அனுமதி கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் உங்கள் கைபேசியோடு நான்கு சாதனங்களை இணைக்கலாம், அவற்றில் ஒன்று உதவியாளரின் கணினியாக இருக்கட்டும். அதைத் துண்டிக்கும் பொத்தான் உங்கள் கைபேசியிலேயே இருக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அந்த எண்ணுக்கு வரும் சொந்தச் செய்திகளும் அவர் கண்ணில் படும். தொழிலுக்குத் தனி எண் வைத்துக்கொள்ளாதவர்களுக்கு இது சங்கடம்.

பாஸ்வேர்டு தந்தே ஆக வேண்டிய இடங்களில் பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்டு போன்ற பாஸ்வேர்டு மேலாளர் செயலி வழியாகப் பகிருங்கள். வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பாதீர்கள், அது இரண்டு கைபேசியிலும் காலம் காலமாகக் கிடக்கும். இரண்டு கட்டச் சரிபார்ப்பை எல்லாக் கணக்கிலும் போட்டுவிடுங்கள். வங்கி ஓடிபியை எவருக்கும், எந்த அவசரத்திலும் சொல்லாதீர்கள்.

பணம் கொடுக்கும் வேலைக்கு வங்கிகளிடமே ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது: ஒருவர் பதிவிடுவார், இன்னொருவர் ஒப்புதல் தருவார். பல வங்கிகள் தொழில் கணக்குகளுக்கு இந்த வசதியைத் தருகின்றன. உதவியாளர் யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் போடட்டும், ஒப்புதல் பொத்தான் உங்களிடம் இருக்கட்டும். இது சந்தேகத்தால் செய்வதில்லை. நாளைக்கு ஏதாவது பிசகினால் அவர்மேல் பழி விழாமல் இருக்கவும் இதுதான் வழி.

பலருக்குத் தெரியாத ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண கூகுள் கணக்கில், உதவியாளர் தன் கணக்கிலிருந்து உருவாக்கும் ஃபைல் உங்கள் கோப்புறைக்குள் இருந்தாலும் அதன் உரிமையாளர் அவர்தான். அவர் விலகும்போது அந்த ஃபைல்கள் அவரோடு போகலாம். உங்கள் தொழிலின் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து கொடுத்து, எல்லா வேலையையும் அதிலிருந்தே செய்யச் சொல்லுங்கள்.

வாடிக்கையாளர் விவரங்களை வெளியாளிடம் கொடுக்கச் சட்டம் இடம் தருமா?

பெரும்பாலும் தரும், ஆனால் பொறுப்பு உங்களுடையதாகவே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே 25 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, உங்கள் சார்பில் தகவல்களைக் கையாளும் வெளியாரோடு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். நீங்கள் வேறு நாட்டில் இருந்தாலும், அங்கே உள்ளவர்களுக்குப் பொருளோ சேவையோ விற்கிறீர்கள் என்றால் அது உங்களையும் தொடும். சட்டம் இருக்கட்டும், பொது அறிவு ஒன்று போதும்: வேலைக்குத் தேவையான விவரத்தை மட்டும் கொடுங்கள். பாக்கி நினைவூட்டுபவருக்கு வாடிக்கையாளரின் பிறந்தநாள் எதற்கு?

வேறு நாட்டில் இருந்தால் நேர வித்தியாசம் இடைஞ்சல் ஆகாதா?

வேலையைப் பொறுத்தது. பிலிப்பைன்ஸில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஏராளம். மணிலா நேரம் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீங்கள் லண்டனில் இருந்தால் மாலையில் விட்டுவிட்டுப் போன கணக்கு வேலை, காலையில் நீங்கள் வரும்போது முடிந்திருக்கும். அதே உதவியாளர் உங்கள் வாடிக்கையாளரின் தொலைபேசிக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். அது நீண்ட நாள் ஓடாது. தினமும் இரண்டு மணி நேரமாவது இருவரும் விழித்து வேலையில் இருக்கும் பொழுது வேண்டும். கடிகாரத்தை முன்னே பின்னே மாற்றும் நாடுகள் ஒரே நாளில் மாற்றுவதில்லை என்பதையும் கவனியுங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு மாற்றும். இடைப்பட்ட வாரங்களில் சந்திப்புகள் ஒரு மணி நேரம் தவறிப் போவது வாடிக்கை.

அவர் உண்மையில் வேலை செய்கிறாரா என்று எப்படிக் கண்காணிப்பது?

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் படம் பிடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. மணிக்கணக்கில் கூலி கொடுக்கும் சில தளங்களில் அது ஏற்பாட்டிலேயே சேர்ந்து வருகிறது. எனக்கு அதில் விருப்பம் இல்லை. அந்தப் படங்களைப் பார்க்க நான் செலவிடும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? நாள் முடிவில் மூன்று வரி கேட்கிறேன்: இன்று முடிந்தது, பாதியில் நிற்பது, என் பதிலுக்காகக் காத்திருப்பது. மூன்றாவது வரி நீளமாக இருந்தால் குற்றவாளி நான்தான்.

ஒப்பந்தம் எழுத வேண்டுமா?

வேண்டும், இரண்டு பக்கம் போதும். வேலை, மணி நேரம், கட்டணம், பணம் தரும் தேதி, ரகசியக் காப்பு, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவை வழக்கமானவை. பலர் விட்டுவிடுவது ஒன்று: பல நாடுகளில், வெளியாள் எழுதியதற்கும் வரைந்ததற்கும் பதிப்புரிமை அவருக்கே சேரும், எழுத்து மூலம் உங்களுக்கு மாற்றித் தராத வரை. பணம் கொடுத்துவிட்டோம், நம்முடையதுதான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று, ஒப்பந்தக்காரர் என்று எழுதிவிட்டு ஊழியரைப் போல நடத்தாதீர்கள். இத்தனை மணிக்கு வா, இத்தனை மணிக்குப் போ, வேறு யாருக்கும் வேலை செய்யாதே என்றெல்லாம் கட்டுப்படுத்தினால், காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் சட்டம் அவரை ஊழியராகப் பார்க்கக்கூடும். கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரியில் நடப்புக்கு வந்த சட்டம், பெரும்பாலான தொழில்களில் வேலை செய்பவர் ஊழியர்தான் என்ற அனுமானத்திலிருந்தே தொடங்குகிறது. இல்லை என்று நிரூபிப்பது வேலை கொடுத்தவர் பொறுப்பு. உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் ஆள் எதற்கு?

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வெளிவந்ததிலிருந்து இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. கடிதம் எழுதவும், நீண்ட உரையாடலைச் சுருக்கவும், பட்டியலை ஒழுங்குபடுத்தவும் அது நன்றாகவே உதவுகிறது. என் உதவியாளரே அதைப் பயன்படுத்துகிறார். முன்பு மூன்று மணி நேரம் ஆன வேலை இப்போது ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. ஆனால் 500-ஆ 5,000-ஆ என்று சந்தேகப்பட்டு வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கேட்பதும், வழக்கமாக உடனே பதில் போடுபவர் நான்கு நாளாகப் பேசவில்லையே என்று கவலைப்படுவதும் இன்னமும் மனிதர் வேலையாகத்தான் இருக்கின்றன. பிழைக்குப் பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும் என்பது வேறு விஷயம். வாடிக்கையாளர் விவரங்களை அந்தச் செயலிகளில் கொட்டக் கூடாது என்பதை மட்டும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

உங்களுக்குப் பெரிய தவறு எதுவும் நடந்ததில்லையா?

நடந்தது. ஒரு வாடிக்கையாளர் அட்டைப்பெட்டி வடிவமைப்பில் தொலைபேசி எண்ணை மாற்றச் சொன்னார். நான் மாற்றிக் கோப்புறையில் போட்டேன். அங்கே ஏற்கெனவே ‘இறுதி’, ‘இறுதி-2’ என்று இரண்டு இருந்தன. நான் போட்டது ‘இறுதி-புதியது’. உதவியாளர் எண் பெரியதுதானே கடைசியாக இருக்கும் என்று ‘இறுதி-2’-ஐ அச்சுக்கு அனுப்பிவிட்டார். இரண்டாயிரம் பெட்டிகள், பழைய எண்ணோடு. மறுபடி என் செலவில் அடித்துக் கொடுத்தேன்.

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. மறுநாள் அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்தபோது, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எடுத்திருப்பேன் என்று தோன்றியது. அப்போதிருந்து ஃபைல் பெயர் தேதியில்தான் தொடங்கும், ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள். வாடிக்கையாளர் சரி என்று எழுதிய கடிதத்தின் படமும் அதே பெயரில் பக்கத்தில் இருக்கும். படம் இல்லாத ஃபைல் அச்சுக்குப் போகாது.

திடீரென்று விலகிவிட்டால்?

குறிப்புகள் உங்கள் கணக்கில் இருந்தால் இரண்டு வாரம் சிரமம், இல்லாவிட்டால் இரண்டு மாதம். விலகும் நாளன்று எதையெல்லாம் துண்டிக்க வேண்டும் என்ற பட்டியலை அவரைச் சேர்க்கும் நாளிலேயே எழுதிவையுங்கள். அனுமதி கொடுக்கும்போதெல்லாம் ஒரு வரி சேர்த்தால் போதும். பிரியும்போது யாருக்கும் நிதானம் இருப்பதில்லை.

வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டுமா?

மறைக்க ஒன்றுமில்லை. உதவியாளர் தன் பெயரிலேயே கையெழுத்திடட்டும், உங்கள் பெயரில் வேண்டாம்.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரே ஒரு வேலை. வாரத்தில் மூன்று முறையாவது வருவது, நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பது. என்னைக் கேட்டால் பாக்கி நினைவூட்டல்தான் முதல் வேலையாக இருக்கட்டும்: பட்டியல் ஏற்கெனவே இருக்கும், மூன்று கடித வாசகங்களை ஒரு மாலையில் எழுதிவிடலாம், பணம் வந்ததா இல்லையா என்பது மாதக் கடைசியில் தெரிந்துவிடும். முதல் முறை என் பட்டியலில் பதினோரு பெயர்கள் இருந்தன. அதில் இரண்டு பேர் எப்போதோ கொடுத்துவிட்டார்கள், நான்தான் குறித்துவைக்கவில்லை.